எழுதியவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது!

காலை நேரம். ஓர் அறையில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. சுமார் 18 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் ஒரே கதையின் நகல், முந்தின ராத்திரி கண் விழித்துப் படித்தது. ஓரமெல்லாம் பேனாக் கிறுக்கல். இவர்களில் ஒருவர்தான் கதையை எழுதியவர். மற்றவர்கள் வரிசையாக, ஆளுக்குச் சில நிமிடம், அவர் முகத்துக்கு நேரே அந்தக் கதையைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லப் போகிறார்கள். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. “இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா...” கூடாது! “அது அஞ்சாம் பக்கத்துல வருதே!” கூடவே கூடாது! குறிப்பு எடுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான்.

இதுதான் கிளாரியன். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு எழுத வருகிறவர்களுக்காக அமெரிக்காவில் 1968இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் 6 வாரச் சிறுகதைப் பட்டறை. கதை எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொள்வது எப்படி என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இந்த அறையைத்தான். அங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் எழுதிவைத்த நினைவுகளைத் தேடித் தேடி வாசித்தவன் நான். ஒவ்வொரு முறையும் நாடகக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் நுழைந்துவிட்ட சிறுவனின் குதூகலம்தான் வருகிறது. வாருங்கள், சேர்ந்தே எட்டிப் பார்ப்போம்!

முதலில் இந்த விளையாட்டின் விதி எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தில் மில்ஃபோர்ட் என்றொரு சின்ன ஊர். 1950களில் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ், ஜூடித் மெரில் என்ற மூன்று எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். 1956இல் மூவரும் சேர்ந்து ஒரு கூடுகையைத் தொடங்கினார்கள். ஏற்கனவே கதை அச்சில் வந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. ரசிகர் கூட்டம் கிடையாது, மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்களின் கதையைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற இடம். வட்டமாக உட்கார்வது, வரிசையாகப் பேசுவது, எழுதியவர் கடைசியில் மட்டும் வாய் திறப்பது என்ற இந்த ஒழுங்குக்கு ‘மில்ஃபோர்ட் முறை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் பிளிஷ் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் 1972இல் இதே கூடுகையை ஆரம்பித்தார். எங்கே தெரியுமா? மில்ஃபோர்ட் ஆன் ஸீ என்ற கடலோர ஊரில்! ஊர்ப்பெயர் ஒத்துப்போனதில் எனக்கு இன்றைக்கும் அப்படியொரு சந்தோஷம்.

மில்ஃபோர்டுக்குப் போய்வந்தவர்களில் ஒருவர் ராபின் ஸ்காட் வில்சன், கிளாரியன் மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். தேர்ந்தவர்களுக்கு இவ்வளவு பயன்படுகிற முறை, எழுதத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படாதா என்று அவர் யோசித்ததன் விளைவுதான் 1968 கோடைக்காலப் பட்டறை. முதல் வருடமே கற்பிக்க வந்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: ஜூடித் மெரில், ஃப்ரிட்ஸ் லைபர், ஹார்லன் எலிசன், டேமன் நைட், அவர் மனைவி கேட் வில்ஹெல்ம். வாரத்துக்கு ஓர் ஆசிரியர், கடைசி இரண்டு வாரம் நைட்டும் வில்ஹெல்மும் சேர்ந்து. இந்த ஏற்பாடு பல வருடம் தொடர்ந்தது. பிறகு பட்டறை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, 2007இல் சான் டியாகோவுக்கு இடம் மாறியது. பெயர் மட்டும் கிளாரியனாகவே நிற்கிறது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் வட்டம். மூன்று நான்கு கதைகள் அலசப்படும். மதியம் ஆசிரியரோடு தனியாகப் பேசலாம். சாயங்காலத்திலிருந்து அவரவர் கதையை எழுத வேண்டும். ராத்திரி நாளைய கதைகளைப் படித்து, ஓரக் குறிப்பு எழுத வேண்டும். எல்லோரும் ஒரே விடுதியில் தங்கியிருப்பதால் பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று மடிக்கணினி வந்துவிட்டது, ஆனால் தூங்காத கண்கள் மாறவில்லை. வாரம் ஒரு கதை எழுத முயல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிக நேரத்தைத் தின்னும்! நான் மிகவும் ரசிப்பது இதைத்தான். தன் கதைக்குக் கிடைக்கிற ஒரு காலைக்காக ஒவ்வொருவரும் அடுத்தவர்களின் கதைகளோடு பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறர் கதையில் குறையைத் தேடித் தேடிப் பழகிய கண், மெல்ல மெல்லத் தன் கதைமேலும் திரும்பிவிடும். அங்கே போய்வந்தவர்கள் பலர் சொல்வதும் அதுதான். தங்களுக்குக் கிடைத்த விமர்சனத்தைவிடத் தாங்கள் செய்த விமர்சனத்தில்தான் அதிகம் கற்றதாகச் சொல்கிறார்கள்.

இப்போது சிவப்புக் கோட்டுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் ஆரம்பத்திலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்!

கேட் வில்ஹெல்ம் 27 ஆண்டுகள் அங்கே கற்பித்தவர். அந்த அனுபவத்தை 2005இல் ‘ஸ்டோரிடெல்லர்’ என்ற புத்தகமாக எழுதினார். அதில் வருகிற விஷயம் இது. ஒரு கதையைப் படித்துக்கொண்டே போகும்போது, பத்திரிகை ஆசிரியராக இருந்தால் எந்த இடத்தில் மேற்கொண்டு படிக்காமல் கதையை ஓரமாக வைத்திருப்போமோ, அந்த வரியின் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே உலகின் மிகச் சிறந்த முடிவு காத்திருக்கலாம், ஆனால் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இதற்கு அங்கே வைத்த பெயர் ‘மரணச் சிவப்புக் கோடு’.

கேட்கும்போதே வயிற்றைப் பிசைகிறதல்லவா? ஆனால் யோசித்துப் பாருங்கள், இதைவிட மரியாதையான விமர்சனம் உண்டா? இந்தக் கோடு, கதை மோசம் என்று சொல்லவில்லை. உனக்கு எழுத வராது என்றும் சொல்லவில்லை. ‘இதுவரை உன்னோடு வந்தேன், இங்கே என்னை இழந்துவிட்டாய்’ என்று இடத்தைக் காட்டுகிறது. பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வரும்போது எந்த வரியில் அது தோற்றது என்று ஒருபோதும் தெரியாது. ‘தங்கள் படைப்பைப் பயன்படுத்த இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும். கிளாரியனில் அந்த மர்மம் உடைகிறது. அதிலும் பதினேழு பிரதிகளில் பல கோடுகள் ஒரே பத்தியில் வந்து விழுந்தால், அதற்குப் பிறகு வாதாட என்ன இருக்கிறது?

வட்டத்துக்குள் இன்னும் சில சின்ன ஏற்பாடுகள் உண்டு. முன்னால் பேசியவர் சொன்னதையே நீங்களும் சொல்லப் போகிறீர்களா? ‘டிட்டோ’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம். நேரம் மிச்சம். எழுதியவருக்கு எண்ணிக்கையும் கிடைத்துவிடும். ஏழு டிட்டோ விழுந்த இடம் ஏழு பேர் இடறிய இடம். எல்லோரும் பேசிய பிறகுதான் ஆசிரியர் பேசுவார். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே வழிமொழிந்துவிடுவார்களே! அதன் பிறகு எழுதியவரின் முறை. பெரும்பாலும் அவர் நன்றி சொல்லி, ஒன்றிரண்டு சந்தேகம் கேட்டு முடித்துக்கொள்வார். குறிப்பு எழுதிய பிரதிகள் எல்லாம் அவர் கைக்கு வந்து சேரும். ஒரு கட்டுக் காகிதம்! தன் கதையை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் படித்ததற்கான சாட்சி அது. உலகத்தில் எத்தனை எழுத்தாளருக்கு அது வாய்க்கிறது?

இந்தப் பட்டறைகளுக்கென்று ஒரு குழுஉக்குறி அகராதியே உண்டு. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ‘டர்க்கி சிட்டி’ என்ற எழுத்தாளர் பட்டறை நடந்தது. அதைச் சேர்ந்த லூயிஸ் ஷைனரும் கிளாரியனில் படித்த புரூஸ் ஸ்டெர்லிங்கும் தொகுத்தது இந்த அகராதி. கதைகளில் திரும்பத் திரும்ப வரும் நோய்களுக்கு வேடிக்கையான பெயர்கள். படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், அடுத்த நொடி உங்கள் கதைக் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றும்.

‘ஆஸ் யூ நோ, பாப்’ என்றொரு நோய். இரண்டு பாத்திரங்கள் தங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை வாசகருக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. நம் பக்கத்தில் இது எப்படி இருக்கும்? அக்கா தம்பியிடம் சொல்கிறாள்: “உனக்குத்தான் தெரியுமேடா, நம்ம அப்பா ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆச்சு, நமக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அவ பேரு கமலா.” எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்! இன்னொன்று ‘ஒயிட் ரூம்’. கதையின் முதல் வரியில் ஒருவர் வெள்ளை அறையில் கண் விழிக்கிறார், எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையில் எழுதுகிறவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை, அவர் முன்னால் இருப்பது வெள்ளைக் காகிதம்! ‘டிஷிசம்’ இதன் உறவுக்கார நோய், எழுத்தாளர் தாமஸ் டிஷ் பெயரால் வழங்குவது. எழுதுகிறவர் அடுத்து என்ன என்று தெரியாமல் காபி போடப் போவார், உடனே பாத்திரமும் கதைக்குள் காபி போட ஆரம்பித்துவிடும். முயலை முயல் என்று சொல்லாமல் ‘ஸ்மீர்ப்’ என்று பெயரிட்டு வேற்றுக்கிரகப் பிராணி ஆக்கிவிடுவது ஜேம்ஸ் பிளிஷ் கண்டுபிடித்த நோய்.

எனக்கு மிகவும் பிடித்தது டேமன் நைட் வைத்த பெயர்: ‘ஃப்ரெட்டிடமிருந்து சமிக்ஞை’. எழுத்தாளரின் ஆழ்மனதுக்கு நைட் செல்லமாக வைத்த பெயர் ஃப்ரெட். கதையில் ஒரு பாத்திரம் திடீரென்று ‘இதெல்லாம் நம்புற மாதிரியே இல்லையே’ என்கிறது, அல்லது ‘சினிமால வர மாதிரி இருக்கு’ என்கிறது. பேசுவது பாத்திரமல்ல. எழுதியவரின் உள்மனமே கதையின் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கதையைப் படித்தாலும் ஃப்ரெட் எங்கிருந்தாவது கையசைக்கிறாரா என்று தேடுவதே ஒரு தனிச் சுகம்.

இந்தப் பெயர்கள் செய்கிற நல்ல காரியம் ஒன்று உண்டு. ‘நீ இங்கே சொதப்பிவிட்டாய்’ என்பது முகத்தில் அறைகிறது. ‘இங்கே கொஞ்சம் டிஷிசம்’ என்றால் வட்டமே சிரிக்கிறது, எழுதியவரும் சேர்ந்து சிரிக்கிறார். ஏனென்றால் பெயர் வைக்கிற அளவுக்கு எல்லோருக்கும் வருகிற நோய் அது. உண்மையும் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

மதுரையில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மொட்டைமாடியில் கூடி இந்த மில்ஃபோர்ட் முறையில் கதை பேசுகிறோம். அண்மையில் ஒரு கல்லூரி மாணவியின் கதை வந்தது. மாமியாரும் மருமகளும். கூட்டத்தில் ஒருவர் அஞ்சல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் ஆரம்பித்தார்: “ஏம்மா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ரெண்டாம் பக்கத்துல மாமியாருக்குக் காரியம் முடிஞ்சு போச்சு. நாலாம் பக்கத்துல அவங்க காபி ஆத்திக்கிட்டு இருக்காங்க. ஆவியா வந்திருக்காங்களா, இல்ல அது பழைய நினைப்பா?” மாடியே அதிர்ந்தது சிரிப்பில். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குறிப்பெடுத்தாள். அடுத்தவர் “டிட்டோ சார், நானும் அங்கதான் முழிச்சேன்” என்றார். மூன்றாவதாகப் பேசிய அண்ணன் வேறு திசையில் போனார்: “எனக்கு அது ஆவியா இருந்தாதான் பிடிச்சிருக்கு தங்கச்சி. அந்த டம்ளர் சூடா இருக்குன்னு மருமக கையை உதறுற இடத்துல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு.”

எழுதியவள் நினைத்ததோ பழைய நினைவைத்தான். நடுவில் பேச அனுமதித்திருந்தால் முதல் கேள்விக்கே “அது ஃப்ளாஷ்பேக் சார்” என்று பதில் சொல்லி முடித்திருப்பாள். எல்லோரும் “ஓ, சரி சரி” என்று அடுத்த விஷயத்துக்குப் போயிருப்போம். ஆவி கதைக்குள் வந்தே இருக்காது. வாய் மூடியிருந்ததால் தன் கதைக்குள் தனக்கே தெரியாமல் கிடந்த இன்னொரு கதையைக் கேட்டாள். இப்போது அந்தக் கதையில் மாமியார் ஆவிதான். என்ன ஒரு கதையாக அது வளர்ந்திருக்கிறது தெரியுமா!

அந்த மூன்று பேச்சிலும் கவனித்தீர்களா, யாரும் “இப்படி மாத்தும்மா” என்று சொல்லவில்லை. தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொன்னார்கள். எங்கே முழித்தேன், எங்கே சிலிர்த்தேன். அளவு சட்டை போட்டுப் பார்த்துவிட்டுத் தையல்காரரிடம் “அக்குள்ல இழுக்குது” என்று சொல்கிறோமே தவிர, அவர் கையிலிருந்து கத்திரிக்கோலைப் பிடுங்குவதில்லை. இழுக்கிறது என்பதில் நம் பேச்சு எப்போதும் உண்மை. எங்கே பிரித்துத் தைப்பது என்று அவருக்குத்தான் தெரியும்.

“ரொம்ப நல்லா இருக்குங்க” என்பதை நான் விமர்சனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எழுதியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நல்லா இருந்தது எது என்று சொல்ல வேண்டும். கையை உதறுகிற இடம் என்று சொன்னால் அடுத்த கதையிலும் அவள் அதைப் போல ஒன்றைத் தேடுவாள். பாராட்டுக்கும் பக்க எண் வேண்டும்!

இந்த மௌன விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எழுத்தாளர் மேத்யூ சலேசஸ் 2021இல் வெளியிட்ட ‘கிராஃப்ட் இன் த ரியல் வேர்ல்ட்’ என்ற புத்தகத்தில் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். வட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே பண்பாட்டில் வளர்ந்தவர்கள் என்றால் சரி. மற்றவர்களுக்குப் பழக்கமில்லாத உலகத்திலிருந்து ஒருவர் எழுதினால்? அவர் நியாயம் எனக்கு உடனே புரிந்தது. ஒரு தமிழ்ப் பெண் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய்மாமன் சீர் பற்றிக் கதை எழுதுகிறாள் என்று வையுங்கள். சுற்றியிருப்பவர்கள் தங்கள் நேரத்தையெல்லாம் இந்த மாமா ஏன் இவ்வளவு செலவு செய்கிறார், இவருக்கு ஏதாவது உள்நோக்கமா என்று துப்பறிவதில் செலவிடுவார்கள். அவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் கதையைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள்.

இதற்கு நடனத் துறையில் ஏற்கனவே ஓர் அழகான வழி இருந்தது. லிஸ் லெர்மன் என்ற நடன ஆசிரியர் 1990இல் உருவாக்கிய முறையில் நான்கு படிகள். பார்த்தவர்கள் தங்கள் மனதில் நின்றது எது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு கலைஞர் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். அதன் பிறகு பார்த்தவர்கள், தீர்ப்பு ஒளிந்திருக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாகத்தான் கருத்து, அதுவும் ‘இதைப் பற்றி எனக்கொரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?’ என்று அனுமதி வாங்கிக்கொண்டு. மூன்றாம் படியை முயன்று பாருங்கள், கை கால் உதறும்! ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பதில் தீர்ப்பு இருக்கிறது. ‘இந்தக் காட்சிக்கு இந்த நீளத்தை எப்படித் தீர்மானித்தீர்கள்?’ என்பதில் இல்லை. முதலாவது எழுதியவரைத் தற்காப்புக்குத் தள்ளும், இரண்டாவது யோசிக்க வைக்கும்.

என் கட்சியைக் கேட்டால், எங்கள் மாடியில் இரண்டையும் கலந்துகொண்டதுதான் நல்லது என்பேன். எழுதியவர் ஆரம்பத்தில் தனக்குத் தெரிய வேண்டிய இரண்டு கேள்விகளை வைத்துவிடுகிறார். பிறகு மௌனம். கடைசியில் தாராளமாகப் பேசலாம். கலந்தாலும் நடுவில் இருக்கிற அந்த மௌனத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்!

சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டுமா? கூடவே கூடாது. டேனியல் கீஸ் கதை தெரியுமா? ‘ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ எழுதியவர். அறிவு வளர்ச்சி குறைந்த சார்லி, அறுவை சிகிச்சையால் மேதையாகி, பிறகு படிப்படியாகப் பழைய நிலைக்கே சரிகிற கதை. ‘கேலக்ஸி’ பத்திரிகையின் ஆசிரியர் ஹோரஸ் கோல்டிடம் அதை எடுத்துப்போனார் கீஸ். கோல்டுக்குக் கதை பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. சார்லி மேதையாகவே இருக்கட்டும், காதலித்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக வாழட்டும், அப்படி மாற்றினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கீஸுக்குப் பணம் தேவைப்பட்ட காலம். நண்பர் ஃபில் கிளாஸ் வீட்டுக்குப் போய்ப் புலம்பினார். கிளாஸும் எழுத்தாளர்தான், வில்லியம் டென் என்ற பெயரில் எழுதியவர். கதையைப் படித்துவிட்டு அவர் சொன்னதன் சாரம்: முடிவில் கை வைத்தால் பேஸ்பால் மட்டையால் உன் காலை உடைப்பேன்!

கீஸ் மாற்றவில்லை. வேறொரு பத்திரிகையில் 1959 ஏப்ரலில் கதை வந்தது, 1960இல் ஹ்யூகோ விருது வாங்கியது. அதையே நாவலாக விரித்தபோதும் முடிவை மாற்றச் சொன்ன பதிப்பகம் உண்டு. அதற்கும் மறுத்து 1966இல் நாவலாகக் கொண்டுவந்தார். 1968இல் ‘சார்லி’ என்ற படமாகி அதன் நாயகனுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. கோல்ட் சாதாரண ஆளில்லை, அந்தக் காலத்தின் கூர்மையான பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவர். முடிவு மனதை உடைக்கிறது என்று அவர் உணர்ந்தது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு அவர் எழுதிக்கொடுத்த மருந்துதான் தவறு. இழுக்கிறது என்று சொன்னவர் கத்திரிக்கோலையும் கேட்டுவிட்டார்! படித்தவரின் வலியை நம்பலாம், அவர் சொல்கிற வைத்தியத்தைத் தயங்கித் தயங்கித்தான் எடுக்க வேண்டும்.

சரி, அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்ன ஆனார்கள்? டெட் சியாங் 1989இல் கிளாரியனில் படித்தார். அடுத்த வருடமே வெளிவந்த ‘டவர் ஆஃப் பாபிலோன்’ நெபுலா விருதைத் தட்டியது. ‘அரைவல்’ படம் பார்த்திருப்பீர்களே, அதன் மூலக்கதை இவருடையதுதான்.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ஆக்டேவியா பட்லர். கலிஃபோர்னியாவில் வேலைக்காரப் பெண்மணி ஒருவரின் மகளாக வளர்ந்த கருப்பினப் பெண், கூச்ச சுபாவம். ஒரு திரைக்கதை வகுப்பில் இவர் எழுத்தைக் கவனித்த ஹார்லன் எலிசன், கிளாரியனுக்குப் போ என்று தள்ளிவிட்டார். 1970இல் கண்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேருந்தில் போனார் பட்லர்! பேசவே கூசுகிற ஒருவர், எல்லோரும் ஒருவர் விடாமல் பேச வேண்டிய ஒரு வட்டத்துக்கு அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அங்கே இருந்தபோதே இரண்டு கதைகளுக்கு இடம் கிடைத்தது. ஒன்று பட்டறைத் தொகுப்பில் வந்தது. இன்னொன்றை எலிசன் தன் தொகுப்புக்காக வாங்கினார், ஆனால் அது அச்சுக்கு வந்தபோது 2014 ஆகிவிட்டது, பட்லர் காலமாகி எட்டு வருடம். பட்டறை முடிந்து ஊர் திரும்பிய பிறகு ஐந்து வருடத்துக்கு ஒன்றுமே விலைபோகவில்லை. கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்துக்கொண்டு விடிகாலையில் எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976இல், ‘கின்ட்ரெட்’ 1979இல். 1995இல் மெக்கார்தர் நல்கையும் தேடி வந்தது, அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர்தான். பின்னாளில் அதே வட்டத்தில் ஆசிரியராகவும் உட்கார்ந்தார்.

அவர் மறைந்த பிறகு, வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் இந்தப் பட்டறைகளுக்குப் போக அவர் பெயரிலேயே ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். கொல்கத்தாவின் இந்திரப்ரமித் தாஸ் அந்த உதவியோடுதான் 2012இல் சியாட்டிலில் நடக்கும் கிளாரியன் வெஸ்ட் என்ற இதே பாணிப் பட்டறைக்குப் போனார். பின்னர் ‘தி டெவரர்ஸ்’ நாவலை எழுதினார்.

காலையில் இவ்வளவு கடுமை என்றால் சாயங்காலம்? தண்ணீர்த் துப்பாக்கிச் சண்டை! நிஜமாகத்தான் சொல்கிறேன். கிளாரியனின் பெருமைமிக்க மரபு அது. டேமன் நைட்டுக்கு இதில் பெரிய உற்சாகம். தன் முதல் பத்தியைக் கிழித்துத் தொங்கப் போட்டவரை விடுதித் தாழ்வாரத்தில் துரத்தித் துரத்தி நனைப்பதில் கிடைக்கும் ஆறுதலை வேறெது கொடுக்கும்! இதை நான் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கவில்லை. 6 வாரம் ஒரே கூரையின் கீழ் உண்மையைச் சொல்லிக்கொண்டு வாழ வேண்டுமென்றால், ராத்திரி சேர்ந்து சிரித்தாக வேண்டும். காலையில் கேட்ட சொல் கதையோடு நின்றது, ஆள்மேல் ஒட்டவில்லை என்பதற்கு அந்த ஈரச் சட்டையைவிட வேறென்ன அத்தாட்சி?

உங்களுக்கும் ஆசை வந்திருக்குமே! சான் டியாகோ வரைக்கும் போக வேண்டியதில்லை. ஐந்து பேர் போதும். கதை நகலை மூன்று நாளைக்கு முன்னாடியே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். வந்து உட்கார்ந்து படிக்கிற கூட்டம் எடுபடாது. கைபேசியில் ஆளுக்கு நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மணியடித்தால் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கொரு சிவப்புப் பேனா கட்டாயம். முதல் கூட்டத்தில் யாருக்கும் கோடு போட மனசு வராது, பரவாயில்லை, இரண்டாவது கூட்டத்தில் கை தானாகப் போகும். வட்டத்தில் யார் வயதில் பெரியவரோ அவர் கடைசியில் பேசட்டும். இல்லாவிட்டால் மரியாதைக்காக மற்றவர்கள் அவர் சொன்னதையே சொல்வார்கள். டீயும் வடையும் முடிவில்தான், நடுவில் தட்டு வந்தால் எழுதியவர் எப்படியும் பேச்சைத் தொடங்கிவிடுவார். கலைவதற்கு முன்னால் அடுத்த மாதம் யார் கதை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்துவிடுங்கள். “நீங்க முதல்ல”, “இல்ல, நீங்க முதல்ல” என்று ஆரம்பித்தால் ஆறு மாதம் ஓடிப்போகும்!